வக்கீலம்மா சொன்ன ஒன்பது பொய்கள்

ஒரு வான்கோழியைப் பொய்க்காரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் உலகத்திலேயே ஜெபமலர் ஒருத்தியாகத்தான் இருப்பாள். போட்டது ஒரு திங்கட்கிழமை காலை. போட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து டீ குடித்தாள். அழுகை பிறகுதான் வந்தது.

கருங்குன்று எஸ்டேட்டுக்கு வான்கோழி வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் அங்கே இருந்த ஒரு மேனேஜருக்குக் கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழி இல்லாவிட்டால் இறங்காது. கூண்டு கட்டி வளர்த்தார். மாற்றலாகிப் போகிற அன்று யாருக்கும் கொடுக்க மனசு வராமல் கூண்டைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். நரியும் சிறுத்தையும் தின்றது போக மிச்சமிருந்தவை பிழைக்கக் கற்றுக்கொண்டன. அவற்றின் பேரப்பிள்ளைகள் பண்ணைக் கோழி மாதிரியே இல்லை. ஒல்லி உடம்பு, நீளக் கால், பொழுது சாய்ந்தால் சில்வர் ஓக் மரத்து உச்சி. காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் அவை பாட்டுக்குக் குடித்தனம் நடத்தின.

அவற்றின் பேச்சை நம்பித்தான் எஸ்டேட்டு ஜனங்கள் இரண்டு வருடமாக உயிரோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் கொழுந்து பறிக்கப் போன இடத்தில் ஆனை அடித்துச் செத்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் சவரிமுத்து, ஜெபமலரின் அக்கா அருள்மேரியின் புருஷன். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் நிற்கிற ஆனையும் கண்ணுக்குத் தெரியாது. சவரிமுத்துவுக்கும் தெரியவில்லை. ஆனால் அன்று மரத்து மேலிருந்த வான்கோழிகள் அரை மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தன என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். கத்துவது புரிய வேண்டுமே.

புரிய வைக்கிறேன் என்று கோயமுத்தூரிலிருந்து வந்தார் இக்பால். பறவைக் குரலுக்கென்றே படித்தவர். அறுபது மரங்களில் மைக் கட்டினார், ஒரு வருடம் ஒலியைச் சேர்த்தார், கம்ப்யூட்டரைப் பழக்கினார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு டவுனில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஜெபமலர், அத்தான் செத்த பிறகு வலிய வந்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அவர் சொன்னதெல்லாம் அவளுக்கு முதலில் கதை மாதிரி இருந்தது. ஒவ்வொரு பெட்டைக்கும் தனிக் குரல் உண்டு, அவை ஒன்றையொன்று குரலை வைத்தே அடையாளம் காணும். பருந்துக்கு ஒரு சத்தம், சிறுத்தைக்கு ஒன்று, ஆனைக்கு வேறொன்று. குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே தாயோடு பேச ஆரம்பித்துவிடும். சேவல்களை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. இடி இடித்தாலும் பதில் சொல்லும், லாரி ஹார்னுக்கும் பதில் சொல்லும், மேனேஜர் தும்மினாலும் மார்பை விரித்துக்கொண்டு பதில் சொல்லும்.

பெட்டை ஒன்று ஆனைச் சத்தம் போட்டால் மூன்று விநாடியில் மெஷின் அதைப் புரிந்துகொள்ளும். கம்பத்து மேலிருக்கும் சைரன் ஒரு நிமிடம் அலறும். பெண்கள் கூடையை அப்படியே போட்டுவிட்டு, கான்கிரீட் தூண்மேல் கட்டிய ஷெட்டில் ஏறிக்கொள்வார்கள். இரண்டு வருடத்தில் ஒரு சாவு இல்லை.

பெட்டைகளில் பதினேழாம் நம்பர்தான் பெரிய வாய். விடிந்ததிலிருந்து ஏதாவது வாதாடிக்கொண்டே இருக்கும். அதனால் பெண்கள் அதற்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வினை வந்தது ஒரு ஜூன் மாதம். நாலு வாரத்தில் பதினோரு முறை சைரன் அடித்தது, ஆனை வந்தது இரண்டே முறை. சைரன் அடித்த ஒரு மணி நேரத்துக்குள் வாட்சர்கள் இரண்டு பேர் போய், ஆனை தாண்டாமலிருக்கக் காட்டோரம் வெட்டிய அகழிக்கு இந்தப் பக்கம் ஆனையின் கால்தடமோ லத்தியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஜெபமலர் திரையில் ‘பொய்’ என்ற கட்டத்தைத் தொடுவாள். ஒன்பது பொய். ஒன்பதும் பதினேழாம் நம்பரின் வாயிலிருந்து வந்தவை.

மேனேஜர் நரசிம்மன் கத்துகிற ஆள் இல்லை. ஜெபமலரின் மெஷின் அறைக்கு வந்து, பறிக்காமல் கொழுந்து முற்றுவதைப் பற்றி மட்டும் சாந்தமாகப் பேசிவிட்டுப் போவார். அது கத்துவதைவிட மோசம். பெண்களுக்கும் சலித்துவிட்டது. ஏழாவது பொய்க்குப் பாதிப் பேர்தான் ஷெட்டில் ஏறினார்கள். ஒன்பதாவதற்கு ஆறு பேர். மற்றவர்கள் தலையைக்கூடத் தூக்காமல் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஜெபமலர் பயந்தாள். நாளை உண்மையாகவே ஆனை வந்து சைரன் அடித்தால்?

இக்பாலும் போனில் அதையே சொன்னார். ஒரு பொய்க்காரியை வரிசையில் வைத்துக்கொண்டால் மற்ற முப்பது பெட்டைகள் சொல்வதும் பொய்யாகப் போய்விடும், அதை நீக்கிவிடுவதுதான் நல்லது என்றார். ஆனால் அது ஏன் பொய் சொல்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. அதற்கு விடை, மைக்கோடு மரத்தில் கட்டியிருந்த கேமராவில் கிடைத்தது. பெண்கள் ஷெட்டுக்கு ஓடிய பிறகு வக்கீலம்மா தன் கூட்டத்தோடு இறங்கி வந்து, கொழுந்து பறிக்கிற ரோசம்மாவின் டிபன் பையைக் கொத்திக் கிழித்து, லெமன் சாதத்தைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. படம் எஸ்டேட்டு முழுக்கச் சுற்றியது. ரோசம்மா உட்பட எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆளை விரட்டிவிட்டுச் சோற்றைத் தின்னக் கற்றுக்கொண்ட கோழி.

அருள்மேரி மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தங்கச்சிக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னாள்.

“சோறு கெடக்குற பக்கம் அது திரும்பிக்கூடப் பாக்கல ஜெபா. நான் அதுக்கு நேர் கீழதான் நின்னேன். காட்டப் பாத்துல்ல கத்துச்சு.”

“கழுத்து எப்படித் திரும்புச்சுன்னெல்லாம் மெஷின்ல எழுத முடியாதுக்கா,” என்றாள் ஜெபமலர்.

மறுநாள்தான் அந்தத் திங்கட்கிழமை. இக்பாலும் மேனேஜரும் சம்மதம் அனுப்ப, அவள் பதினேழாம் நம்பரை ‘நம்பத்தகாதவை’ பட்டியலுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டாள். இனி அது என்ன கத்தினாலும் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். இனிமேல் சைரன் அடித்தால் அது சத்தியம் என்று மேனேஜர் காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டரில் நின்று பெண்களுக்கு வாக்குக் கொடுத்தார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சைரன் வாயே திறக்கவில்லை. கொழுந்து வண்டி வண்டியாகப் போனது. ஜெபமலருக்கோ உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் உட்காரத் தோன்றியது. சாம்பல் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. வக்கீலம்மா முன்பைவிட அதிகமாகக் கத்தியது. அதைவிட அவளை உறுத்தியது வேறு ஒன்று. அது கத்துகிற ஒவ்வொரு தடவையும் மற்ற பெட்டைகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு படபடவென்று மரமேறின. இரண்டு தடவை தப்பாகக் கத்திய கோழியை மூன்றாம் தடவை மற்ற கோழிகள் மதிக்காது என்று இக்பால் ஆரம்பத்தில் பாடம் எடுத்திருந்தார். அப்படியானால் ஒன்பது பொய் சொன்னவளை இவை ஏன் இன்னும் மதிக்கின்றன? கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்காமல் விட்டாள்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் வந்து குறை சொன்னான். சைரன் அடிக்காதபோதே அருள்மேரி கூடையை வைத்துவிட்டு ஷெட்டில் ஏறிவிடுகிறாளாம். கோழி கத்துகிறது என்கிறாளாம். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஏறுகிறார்களாம். ‘மெஷின் வச்சிருக்கற உங்க அக்காவே மெஷின நம்பலன்னா வேற யாரு நம்புவா’ என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜெபமலருக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா கொழுந்து பறிக்கிற பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு நேரே போய், எல்லோர் முன்னிலையிலும் அக்காவைக் கேட்டாள்.

“மெஷின் சொன்னா மட்டும் ஏறு. என் மேல நம்பிக்க இல்லையா உனக்கு?”

புருஷன் செத்த பிறகு அருள்மேரிக்கு இருந்த ஒரே உறவு தங்கச்சிதான். சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் ஜெபமலர் அறையைத் திறந்து பார்த்தாள். லீவு நாளில் வர வேண்டியதில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, வந்தாள். பத்து மணிக்கு ஒரு சாம்பல் கோடு விழுந்தது. பத்தே காலுக்கு இன்னொன்று. அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் உறைத்தது. இன்றைக்குத் தேயிலைக் காட்டில் ஒரு ஈ காக்கை இல்லை, டிபன் பை இல்லை, சோறு இல்லை. சோற்றுக்காகப் பொய் சொல்கிறவள் சோறே இல்லாத நாளில் யாருக்காகச் சொல்கிறாள்?

பழைய ஒன்பது பொய்களைத் தேதி வாரியாகப் புரட்டினாள். அவற்றில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தவை. யாருமே கிழமையைப் பார்த்திருக்கவில்லை. அவளும்தான்.

இக்பாலுக்கு அடித்தாள், போன் அணைந்திருந்தது. மேனேஜருக்கு அடித்தாள். ஒரு கோழிக்காக லீவு நாளில் கூப்பிடுவதா என்று அவர் கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் இக்பாலையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று மரியாதையாகவே சொன்னார். அவள் விடாப்பிடியாக நின்றிருக்கலாம். ஆறு நாளைக்கு முன் தானே கையெழுத்துப் போட்டதைத் தானே அழிக்க வெட்கமாக இருந்தது. சரிங்க சார் என்றாள். அந்த ‘சரிங்க சார்’ அவளை இன்றுவரை விடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு இக்பால் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத காட்டில் வக்கீலம்மா கத்தியதைச் சொன்னாள். ஃபாக்டரி ஓடாத நாள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

“அடித்தொனி வடிகட்டியை எடுத்துட்டு அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாருங்க ஜெபமலர்.”

வடிகட்டியை வைத்தது அவள்தான். முதல் வருடத்தில் தேயிலை ஃபாக்டரியின் ரோலர்கள் உறுமுகிற உறுமல் திரையை நிரப்பி எதையும் பார்க்க விடவில்லை. கோழிக் குரலுக்கு அந்தக் கீழ்ச் சத்தம் எதற்கு என்று அவளே அதை மறைத்துவிட்டிருந்தாள். ஆனை ஆனையோடு பேசுவதும் அந்தக் கீழ்ச் சத்தத்தில்தான், மனுசக் காதுக்கு எட்டாத தொனியில். ரோலர் இரைச்சலில் அதைப் பிரிக்க முடியாது என்று இக்பாலும் அன்று கைகழுவிவிட்டார்.

வடிகட்டியை எடுத்தாள். ஃபாக்டரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை. திரையின் அடியில், வக்கீலம்மாவின் சத்தத்துக்கு இருபது விநாடி கழித்து, தடித்த கோடு ஒன்று மெல்ல எழுந்து அடங்கியது. எந்த மைக்கில் எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை வைத்து அது நின்ற இடத்தையும் மெஷின் காட்டியது.

ஆனைக் குரலின் வடிவம் தெரிந்த பிறகு ரோலர் இரைச்சலுக்கு அடியிலும் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒன்பது பொய்யிலும் அது இருந்தது. வக்கீலம்மா கத்துகிறது. சைரன் அடிக்கிறது. அகழிக்கு அந்தப் பக்கம் அந்தக் கோடு எழுகிறது. பிறகு காட்டுக்குள் விலகி விலகிப் போய்த் தேய்ந்துவிடுகிறது.

“ஆனை வந்திருக்கு சார்,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் வந்திருக்கு. திரும்பிப் போயிருக்கு. நாம இந்தப் பக்கம் மட்டும் காலடி தேடினோம்.”

இக்பால் மெதுவாகப் பேசினார். எச்சரிக்கைச் சத்தம் சொந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம், ஒளிந்து வருகிறவனுக்கும் அது ஒரு சேதி, உன்னைப் பார்த்துவிட்டேன் என்கிற சேதி என்றார். பதினேழாம் நம்பர் பெட்டை ஆனையைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறது. கத்தினால் சைரன் வரும், சைரன் வந்தால் வாட்சர்கள் வருவார்கள் என்று ஆனைக்கும் பழகிவிட்டது. அதனால் கோழி கத்தினாலே திரும்பிவிடுகிறது. நடுவில் கோழி கொஞ்சம் லெமன் சாதம் தின்றதில் என்ன தப்பு?

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஜெபமலர் அதற்குள் இந்த வாரத்து ரெக்கார்டிங்குகளைத் திறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை: வக்கீலம்மா கத்துகிறது, சைரன் இல்லை, தடித்த கோடு விலகிப் போகிறது. புதன்: கோடு விலகவில்லை, அங்கேயே நிற்கிறது. வெள்ளி: அகழியின் விளிம்பு. நேற்று, ஞாயிறு: அகழிக்கு இந்தப் பக்கம்.

வக்கீலம்மா ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அதன் சொல்லுக்குப் பின்னால் சைரன் வராமல் செய்து, ஆனைகளிடம் அதைப் பொய்க்காரி ஆக்கியது அவள்தான். கத்துவது வெறும் கத்தல், பின்னால் யாரும் வரப்போவதில்லை என்று ஆறு நாளாக ஆனைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

திரையில் புதிதாக ஒரு சாம்பல் கோடு விழுந்தது. பதினாலாம் நம்பர் காடு. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி.

கீழே தடித்த கோடு எழுந்தது. அது அகழியில் இல்லை. பதினாலாம் நம்பர் காட்டுக்குள்ளேயே, பெண்கள் நிற்கிற தேயிலை நிரைக்கு அறுபதடியில் இருந்தது. ஜெபமலர் சைரன் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினாள்.

அன்று பதினாலாம் நம்பர் காட்டில் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். சைரன் கேட்டதும் எல்லோரும் ஓடினார்கள், மேனேஜர் கொடுத்த வாக்கை நம்பி ஒருத்தி விடாமல் ஓடினார்கள். இருபத்தோரு பேர் ஏறிவிட்டார்கள். ரோசம்மாவைப் படியில் தள்ளி ஏற்றிவிட்டுக் கடைசியாக நின்றவள் அருள்மேரி. குட்டியோடு வந்த பெண் ஆனை அது. சைரன் சத்தத்தில் மிரண்டு, குட்டியை மறைத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தது. தும்பிக்கையால் ஒரு தட்டு, அவ்வளவுதான். கொல்ல வரவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அருள்மேரியின் இடுப்பெலும்பு மூன்றாக உடைந்திருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அருள்மேரி பேசினாள். உயிருக்கு மோசமில்லை, நடப்பாள், ஆனால் இனிமேல் மலைச்சரிவில் கூடையோடு நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெபமலர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க நாலைந்து விதமாக யோசித்து வந்திருந்தாள்.

“அன்னைக்கும் கத்துச்சு ஜெபா,” என்றாள் அருள்மேரி. குரலில் குற்றச்சாட்டு இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “சைரனுக்கு ரொம்ப முன்னாடியே. ஏறலாம்னு கால் எடுத்து வச்சேன். அப்புறம் நீ சொன்னியேன்னு நின்னுட்டேன்.”

ஜெபமலர் ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வராண்டாவுக்குப் போய், சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

பதினேழாம் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்தாகிவிட்டது. வடிகட்டியையும் எடுத்தாகிவிட்டது. வாட்சர்கள் இனி அகழிக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்ப்பார்கள். செய்ய வேண்டியதெல்லாம் செய்த பிறகும் வக்கீலம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் திரையில் அதன் கட்டம் காலியாகவே கிடந்தது. செத்துவிட்டதோ என்று கேமராவில் தேடினாள். இருந்தது, மேய்ந்தது, குஞ்சுகளோடு பேசியது. ஆனைச் சத்தம் மட்டும் போடவில்லை. இக்பாலிடம் கேட்டதற்கு, பலிக்காத சொல்லை எந்தப் பிராணியும் வீணாகச் சொல்லிக்கொண்டிருக்காது என்றார்.

எட்டாம் நாள் அவள் அறையில் உட்காரப் பிடிக்காமல் பதினாலாம் நம்பர் காட்டுக்கே போனாள். பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள், அடிக்கொரு தரம் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி. பனி விலகி வெயில் லேசாக அடித்தது. வக்கீலம்மா தாழ்ந்த ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது. திடீரென்று கழுத்தை நீட்டிக் காட்டைப் பார்த்தது.

ஒரே ஒரு தடவை கத்தியது. முன்பு மாதிரி வாதாடுகிற கத்தல் இல்லை, தயங்கித் தயங்கி ஒன்று.

மூன்று விநாடி. ஜெபமலர், மெஷினோடு இணைத்துக் கையில் வைத்திருந்த போனையே பார்த்தாள். சைரன் எழுந்தது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினார்கள். போன் திரையின் அடியில் தடித்த கோடு தெரிந்தது, அகழியின் விளிம்பில். அது முன்னால் வரவில்லை. திரும்பியும் போகவில்லை. கேட்டுக்கொண்டு நின்றது.

ஷெட்டிலிருந்து ரோசம்மா அவளை மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜெபமலர் படிக்கட்டை நோக்கி நடந்துகொண்டே வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அது காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்தாள். அது காட்டைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, சைரன் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விதிப்படி சைரன் ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். இன்னும் எட்டு விநாடி இருந்தது. அகழியில் கோடு அசையவில்லை, கிளையில் கோழி அசையவில்லை. ஜெபமலர் போனில் சைரன் பொத்தான் மேல் விரலை வைத்து அழுத்தினாள். நிமிடம் முடிந்தது, சைரன் நிற்கவில்லை. அவள் விரலை எடுக்கவில்லை.